பன்னிரண்டு மணி ஆக்ஸிஜன்

ஆக்ஸிஜனைப் பற்றி நான் எழுதிய ஒரு அறிக்கையில் ஒரு எண்கூடத் தப்பில்லை. தசமப் புள்ளிக்குப் பின்னால்கூடச் சுத்தம். அடித்தல் திருத்தல் கிடையாது. அந்த அறிக்கையை வைத்துத்தான் ஒரு மனுஷனின் வயலுக்குப் போன தண்ணீரை அடைத்தார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று சந்தன மாலை போட்டு என் நேர்மையைப் பற்றி அரை மணி நேரம் அளந்தார்களே, அங்கே இந்தச் சங்கதியை யாரும் பேசவில்லை. நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். மாலை நல்ல மணமாக இருந்தது. நீங்கள் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள். என்னைப் பற்றி நல்லவிதமாக வேறு கேள்விப்பட்டிருப்பீர்கள். அதனால் சொல்லிவிடுவது நல்லது.

சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருக்கும். புதுக்கோட்டையில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. சமஸ்தானத்தில் அது குதிரைலாயம். மழை பெய்தால் குதிரைகளின் ஞாபகம் மூக்குக்கு வரும். கண்மாய்த் தண்ணீரில் எவ்வளவு ஆக்ஸிஜன் கரைந்திருக்கிறது, அது குறைந்தால் மீனுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது எங்கள் வேலை. தண்ணீருக்குள் கரைந்திருக்கிற காற்றைத்தான் மீன் மூச்சாக இழுக்கிறது, அதை நான் அளக்கிறேன் என்று மாமனாரிடம் விளக்கினேன். அவர் நெடுநேரம் என்னைப் பார்த்துவிட்டு, "மாப்ள, பஞ்சாயத்து ஆபீசுல ஒரு கிளார்க் வேலை காலியா இருக்காம்" என்றார்.

இப்போது நீங்கள் கம்பியைத் தண்ணீரில் விட்டதும் பெட்டியில் எண் தெரிகிறது. எங்களுக்குக் கண்ணாடி மூடி போட்ட புட்டிதான். தண்ணீரைக் குமிழி இல்லாமல் நிரப்பி, இரண்டு மருந்தை ஊற்றி மூடிக் குலுக்க வேண்டும். ஆக்ஸிஜன் இருந்தால் உள்ளே பழுப்பாகத் திரியும். இல்லாவிட்டால் வெள்ளையாகவே நிற்கும். மீதியெல்லாம் கணக்கு. அதைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன்.

இதில் முக்கியமான கருவி புட்டி இல்லை, வருகைப் பதிவேடு. காலை பத்து மணிக்கு அதில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தேகாலுக்கு எங்கள் அதிகாரி அதைத் தன் மேஜைக்கு இழுத்துக்கொள்வார். பிறகு புட்டிகளைப் பெட்டியில் அடுக்கி, காபி குடித்து, பஸ் பிடித்து, இறங்கி நடந்து, கண்மாய்க் கரையில் கால் வைக்கும்போது உச்சி வெயில். இரண்டு வருஷம் எந்தக் கண்மாய்க்குப் போனாலும் இதே கதைதான். எல்லாக் கண்மாயிலும் ஆக்ஸிஜன் அமோகம். நான் ஒரு வரைபடம் போட்டேன். சென்னையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் அதைப் பார்த்து, "புதுக்கோட்டை மீன்கள் கொடுத்து வைத்தவை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதிகாரி அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

பச்சைப் பாசி பிடித்த தண்ணீரில் பகலெல்லாம் வெயிலை வாங்கிப் பாசி ஆக்ஸிஜனை விடும். இருட்டினால் அதே பாசி, மீனோடு சேர்ந்து, விட்டதையெல்லாம் இழுத்துக்கொள்ளும். விடிவதற்குச் சற்று முன்னால் தண்ணீரில் ஆக்ஸிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். ஆனாலும் எங்கள் ஆபீசைப் பொறுத்தவரை மீனும் பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டது.

ஒரு மாசி மாதம் அரிமளத்துக்குத் தெற்கே ஒரு ஊரிலிருந்து ஆள் வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம், பேரன்கள் இருக்கிறார்கள். கண்மாயில் கெண்டை மீனெல்லாம் செத்து மிதக்கிறது, ஆபீசிலிருந்து வந்து பார்க்க வேண்டும் என்று செய்தி. வழக்கப்படி கையெழுத்து, காபி, பஸ். நான் போய்ச் சேர்ந்தபோது கரையில் ஊரே நின்றது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.

அந்த ஊர் வழக்கத்தைச் சொன்னால்தான் அவர்கள் கோபம் புரியும். அறுப்பு முடிந்து கண்மாய் வற்றியதும் ஒரு நாள் குறிப்பார்கள். கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷன் பிள்ளைகளோடு வந்து இறங்குவார்கள். ஊர்த் தலைவரான அம்பலக்காரர் கரையில் நின்று துண்டை வீசுவார். வீசினதும் ஊர் மொத்தமும் தண்ணீரில் பாயும். யார் பிடித்த மீன் அவர்களுக்கு. அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கும். அந்த வருஷத்து நாள் மிதந்துகொண்டிருந்தது.

பழி ஏற்கெனவே அடைக்கலத்தின் மேல் விழுந்திருந்தது. அடைக்கலம் நாற்பது வயசு விவசாயி. அவன் வயல் கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. போன வருஷம் துண்டு வீசுவதற்கு முன்னாலேயே தண்ணீரில் இறங்கிவிட்டான் என்று அவன் வலையைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். "அடுத்த வருஷம் நீங்க மீன் திங்கிறதைப் பாக்குறேன்டா" என்று அவன் கத்தியிருக்கிறான். வயலைச் சுற்றித் திருகுகள்ளி வேலி வேறு. கள்ளிப்பாலைத் தண்ணீரில் கலந்தால் மீன் சாகும் என்பது அங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். போதாக்குறைக்கு, மீன் செத்த அன்று விடியற்காலையில் அவன் கரையில் நின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள்.

அவன் என்னிடம் ஓடி வந்தான்.

"சார், நான் தண்ணி பாக்கத்தான் போனேன். மூணு நாளா வெயிலே இல்ல, ஒரே மூடாக்கு, ஒரு எலை அசையல. விடியக்காலையில பாத்தா கெண்டையெல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்குதுங்க. அப்பறம் ஒண்ணொண்ணா சாஞ்சிருச்சு. எழுதிக்கங்க சார்."

நான் எழுதிக்கொள்ளவில்லை. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. வெப்பம், ஆழம், நிறம், ஆக்ஸிஜன் ஆகியவற்றுக்குக் கட்டம் இருந்தது. அன்றைக்கு மூடாக்கு விலகி வெயில் கொளுத்தியது. புட்டியில் தண்ணீர் எடுத்து மருந்தை ஊற்றினேன். டிக்காஷன் மாதிரி பழுப்பு. ஆக்ஸிஜன் ஏராளம்.

ஆபீசுக்கு வந்து எழுதினேன்: 'ஆக்ஸிஜன் தேவைக்கு மேல் உள்ளது. மூச்சுத் திணறலால் மீன்கள் இறந்திருக்க வாய்ப்பில்லை.' அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். கை அரித்தது. 'நச்சுப் பொருள் கலக்கப்பட்டிருக்கலாம் எனச் சந்தேகிக்கப்படுகிறது' என்று இன்னொரு வரி சேர்த்தேன். நஞ்சுக்கு நான் ஒரு சோதனையும் செய்யவில்லை. செய்ய மருந்தும் இல்லை. என்னை யாரும் கேட்கவும் இல்லை. அந்த வரி இருந்தால் அறிக்கை முழுசாகத் தெரியும் என்று தோன்றியது, அவ்வளவுதான். அதிகாரி நம்பர் போட்டு ஊருக்கு அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் ஆபீசுக்குள் நேராக வந்தாள். இடுப்பில் பித்தளைக் குடம். பியூன் தடுத்ததை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

"காயிதம் எழுதுன சாரு யாரு?"

நான்தான் என்றேன். குடத்தை என் மேஜையில், கணக்கு நோட்டின் மேலேயே வைத்தாள். உள்ளே முழங்கை நீளத்துக்கு ஒரு விரால் சுருண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும் வாலால் ஒரு அடி அடித்தது. மேஜையில் இருந்த காகிதமெல்லாம் நனைந்துபோனது.

"நான் அடைக்கலம் பொண்டாட்டி வள்ளிக்கண்ணு. இது அந்தக் கண்மாயில நேத்துப் புடிச்ச விரால். நல்லாருக்கா பாருங்க."

"நல்லாத்தானம்மா இருக்கு."

"செத்தது அம்புட்டும் கெண்டை. விரால் ஒண்ணு சாகல. குறவை சாகல. ஏன் சார், நஞ்சு கெண்டையை மட்டும் தேடித் தேடிப் போயிக் கொல்லுமா?"

விராலும் குறவையும் தண்ணீரின் மேலே வந்து காற்றையே நேராக விழுங்கி மூச்சு விடக்கூடியவை. தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லாவிட்டாலும் பிழைக்கும். கெண்டைக்கு அந்த வசதி கிடையாது. கள்ளிப்பால் கலந்திருந்தால் எல்லாமும் சேர்ந்துதான் செத்திருக்கும். அன்று கரையில் நின்றபோது மிதந்ததில் விரால் ஒன்றுகூட இல்லை. அதை என் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பார்த்தது வேறு, கவனித்தது வேறு.

அவள் நிறுத்தவில்லை. "ஒங்க காயிதத்த அம்பலக்காரரு ஊர்க் கூட்டத்துல படிச்சாரு. அன்னைக்கே எங்க மடைய அடைச்சுட்டாக. இந்த வருசம் மழ பிந்தி நடவும் பிந்திப் போச்சு. கருது இப்பத்தான் பால் புடிக்குது. எட்டு நாளாத் தண்ணி இல்ல. மாடு கன்னைக்கூட அந்தத் தண்ணியில விடக்கூடாதுன்டு கட்டிப் போட்டிருக்காக. இந்த விரால இங்கனயே கொழம்பு வச்சுத் திங்கிறேன். நான் சாகலன்டா அந்தக் காயிதத்தக் கிழிச்சுப் போடுவீங்களா?"

நான் மட்டும் கேட்கிற மாதிரி அவள் பேசவில்லை. அதிகாரி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். போகிற பத்தடிக்குள் மனசு எத்தனை நாடகம் ஆடியது தெரியுமா? எண் சரிதானே, நான் என்ன தப்புச் செய்தேன், ஊர்க்காரர்கள் அடைத்ததற்கு நானா பொறுப்பு? எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நியாயம் இவ்வளவு வேகமாக வந்தாலே சந்தேகப்படுங்கள்.

"சார், நான் எழுதினது தப்பு. விடியறதுக்கு முன்னாடி போய் அளந்திருக்கணும். கடைசி வரி என் சொந்தச் சரக்கு."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "நம்பர் போட்டாச்சேய்யா. நம்பர் போட்ட ரிப்போர்ட்டை எப்படிய்யா திரும்ப வாங்கறது?"

"அந்த ஆளோட பயிர் போயிடும் சார்."

அவர் சுவரில் மாட்டியிருந்த என் வரைபடத்தைப் பார்த்தார். நான் எதைச் சொல்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. அந்த இரண்டு வருஷத்து எண்களும் உச்சி வெயில் எண்கள். அதைச் சொன்னால் அவருடைய சட்டம் போட்ட பெருமையும் சேர்ந்து போகும்.

"திரும்ப வாங்க முடியாது. 'தொடர்ச்சி'ன்னு இன்னொண்ணு அனுப்பலாம். ஆனா விடியக்காலை டூட்டின்னு நம்ம ரூல்ல கிடையாது. பத்து மணிக்குக் கையெழுத்து இல்லேன்னா நான் ஆப்சென்ட் போடணும்" என்றார். மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "லீவ் எழுதிக் குடுத்துட்டுப் போ. லீவுல இருக்கற ஆளு எங்க போனா எனக்கென்ன? பெட்டியை நான் பாக்கலே" என்றார். அந்த மனுஷனை அன்றுவரை நான் வெறும் ரப்பர் ஸ்டாம்ப் என்றுதான் நினைத்திருந்தேன். ஆக, ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த நான், ஆராய்ச்சி செய்வதற்காக ஒரு நாள் லீவு போட்டேன்.

சாயங்கால பஸ்ஸில் போய் இறங்கினேன். வள்ளிக்கண்ணு தங்கள் வீட்டில் தங்கச் சொன்னாள். மாட்டேன் என்றேன். அங்கே ஒரு வாய் காபி குடித்தாலும் என் புட்டிக்கு மதிப்பு போய்விடும். நேராக அம்பலக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நஞ்சுன்டு நீங்கதான் எழுதுனீங்க. இப்ப நீங்களே இல்லங்கிறீங்களா?"

"இல்லைன்னும் சொல்லலை. தெரியாம எழுதிட்டேன்னு சொல்றேன். விடியக்காலையில நீங்களே வந்து ஒங்க கையால தண்ணி எடுங்க. எங்க எடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க. நான் புட்டியைத் தொட மாட்டேன்."

"அடைக்கலம் ஒங்களுக்கு என்ன வேணும்?"

"என்னால கெட்டுப்போன ஆளு. அவ்வளவுதான்."

அவர் தலையாட்டிவிட்டு, படுக்க மாட்டுக் கொட்டகையில் இடம் காட்டினார். தண்ணீருக்குப் போக முடியாமல் கட்டிக் கிடந்த மாடுகள் என் அறிக்கையைப் பற்றித் தங்கள் கருத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தன.

நிலம் தெளியாத நேரத்தில் ஏழெட்டுப் பேரோடு கரைக்குப் போனோம். அடைக்கலத்தையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் தள்ளியே நின்றான். என் அறிக்கைக்குப் பயந்து அத்தனை நாளாக விடியற்காலையில் யாருமே கண்மாய்ப் பக்கம் வரவில்லை. இப்போது பார்த்தார்கள். செத்தது போக மிஞ்சின கெண்டைகள் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சத்தம்கூடக் கேட்டது.

"என்னப்பா இது, இப்புடி வாயப் பொளக்குது?" என்றார் ஒருவர்.

"இதத்தான் அண்ணே அன்னைக்குச் சொன்னேன்" என்றான் அடைக்கலம். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

அம்பலக்காரர் முழங்கால் தண்ணீரில் இறங்கி, நான் சொன்னபடி புட்டியை முக்கி நிரப்பி மூடினார். பிறகு மூடியை நொடிப்பொழுது எடுக்கச் சொல்லி, மருந்தை அடியில் விட்டு, உடனே மூடச் சொன்னேன். குலுக்கினார். உள்ளே பால் மாதிரி வெள்ளை. பழுப்பு என்பது பேருக்குத்தான்.

"வெள்ளையா இருந்தா என்ன அர்த்தம்?"

"தண்ணிக்குள்ள மூச்சு விடக் காத்து இல்லேன்னு அர்த்தம்."

"நீங்க சொல்றீக. நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றவர் பொசுக்கென்று மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே காற்று புகுந்தால் எல்லாம் கெட்டது. நான் 'ஐயையோ' என்பதற்குள் அவர் கட்டை விரலால் வாயை அடைத்து இன்னொரு தடவை குலுக்கியும் விட்டார். கண் முன்னாலேயே வெள்ளை கலங்கி மஞ்சளாகி, பழுப்பாகிவிட்டது. அவர் மிரண்டுபோய்ப் புட்டியை என்னிடம் நீட்டினார்.

நான் அவரைத் திட்டத்தான் வாயெடுத்தேன். அப்புறம்தான் புத்தி வந்தது. "பாத்தீங்களா? வெளிக்காத்து உள்ள போனதும் நெறம் மாறிடுச்சு. அந்தக் காத்துதான் இந்தத் தண்ணிக்குள்ள இல்லே. கெண்டை செத்தது அதனாலதான்" என்றேன். நான் யோசித்து வைத்திருந்த விளக்கம் அரைப் பக்கம். அதைவிட அவர் செய்த காரியம் ஆயிரம் மடங்கு மேல்.

இன்னும் இரண்டு புட்டி அவரே எடுத்தார். இரண்டும் வெள்ளை. உச்சி வெயில் வரை எல்லாரையும் நிறுத்தி வைத்து, அதே இடத்தில் மறுபடி எடுக்கச் சொன்னேன். கெட்டிப் பழுப்பு. கெண்டைகள் எங்கே போயினவென்றே தெரியவில்லை, எல்லாம் ஆழத்துக்கு இறங்கிவிட்டன. அம்பலக்காரர் புட்டிகளை வரிசையாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஆக, நீங்க அன்னைக்கு இந்நேரத்துக்கு வந்தீக."

"ஆமா."

"விடிய வந்திருந்தா இவன் மேல பழி வந்திருக்காது."

"வந்திருக்காது."

"நல்ல ஆபீசுய்யா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு ஆளைக் கூப்பிட்டு மடையைத் திறக்கச் சொன்னார். அடைக்கலத்திடம், "போப்பா, தண்ணியக் கட்டு" என்றார். மன்னிப்பெல்லாம் அந்த மூன்று வார்த்தைக்குள்தான் இருந்தது. அடைக்கலம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமிதம். தப்பை ஒப்புக்கொண்ட மகான், நிரபராதியைக் காப்பாற்றின விஞ்ஞானி. வாய்க்கால் வழியாகத் தண்ணீர் போவதைப் பின்தொடர்ந்து வயலுக்கே போனேன். நாலு நல்ல வார்த்தை எதிர்பார்த்துத்தான் போனேன், மறைப்பானேன்?

வள்ளிக்கண்ணு வரப்பில் நின்றாள். மேல் வயலில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே பயிர் வாடியிருந்தாலும் பச்சை இருந்தது. கீழ் வயலில் கதிரெல்லாம் வெளுத்து நிமிர்ந்து நின்றது. மணி இருந்தால் கதிர் தலை சாய வேண்டும். அடைக்கலம் அந்தப் பக்கம் பார்க்காமல் மேல் வயலிலேயே மண் வெட்டிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நான் இன்னைக்கே புது ரிப்போர்ட் எழுதிடறேன். அடைக்கலம் மேல ஒரு தப்பும் இல்லேன்னு தெளிவா எழுதறேன்" என்றேன்.

அவள் கீழ் வயலில் இறங்கி ஒரு கதிரை உருவினாள். என் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி அதில் போட்டுக் கசக்கினாள். ஒன்றுமே இல்லை. எல்லாம் பதர். ஊதாமலே பறந்தது.

"இதையும் எழுதிக்கங்க சார்" என்றாள். "இத நீங்க விடியக்காலையில வந்து பாத்தாலும் ஒண்ணுதான், பன்னண்டு மணிக்கு வந்து பாத்தாலும் ஒண்ணுதான்."